மயக்க டாக்டரிடம் சொல்ல ஒரு வரி

தெள்ளார், வந்தவாசி, ஆரணி வட்டாரத்து ஆரிய வைசியக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



தெள்ளார் என்ற பெயரைப் பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாண்டியனை இந்த மண்ணில் முறியடித்ததால்தான் மூன்றாம் நந்திவர்மனுக்குத் 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் வந்தது. இந்த மடல் சொல்லப்போவது அந்தப் போருக்கும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முந்திய ஒரு சங்கதி. அது கல்வெட்டில் இல்லை, செப்பேட்டில் இல்லை. உங்களில் சிலருடைய ரத்தத்தில் இருக்கிறது. அதனால் காய்ச்சல் வராது, தலைவலி வராது. அதைச் சுமந்துகொண்டே கடை நடத்தலாம், பட்டு வியாபாரம் செய்யலாம், பேரன் பேத்தி எடுக்கலாம், இருப்பதே தெரியாமல் போய்ச் சேரவும் செய்யலாம். ஆபரேஷன் மேஜையில் படுத்து, ஒரு குறிப்பிட்ட ஊசி உடம்பில் ஏறினால் மட்டும் அது வெளியே வரும்.

அந்த ஊசியின் பெயர் சக்சினைல்கோலின். மயக்க டாக்டர்களின் பேச்சுவழக்கில் 'ஸ்கோலின்'.

முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் ஒரு குழாயை இறக்குவார்கள். அதற்கு ஆளைத் தூங்க வைத்தால் மட்டும் போதாது. தாடை இறுகி நிற்கும், குரல்வளை மூடிக்கொள்ளும். தசைகள் தளர்ந்தால்தான் குழாய் இறங்கும். ஸ்கோலின் ஏறிய சில நொடிகளில் முகம், தோள், கால் என்று தசைகள் வரிசையாகத் துடிக்கும். ஒரு நிமிடத்துக்குள் உடம்பு வெயிலில் போட்ட கீரைத்தண்டாகத் துவண்டுவிடும். மூச்சும் நின்றுவிடும், மூச்சு விடுவதும் தசைகளின் வேலைதானே. டாக்டர் குழாயை இறக்கிப் பையை அழுத்தி மூச்சைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மருந்தின் வேகம் தீர்ந்து, நோயாளியின் மூச்சு தானாகத் திரும்பிவிடும். சட்டென்று வேலை செய்து சட்டென்று விலகிவிடும் இந்தக் குணத்துக்காகத்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மயக்க டாக்டர்கள் இதைக் குளிர்பெட்டியில் தயாராக வைத்திருக்கிறார்கள். விலையும் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இதற்கு இடம் உண்டு.

இது கைக்கு வந்த கதையே ஒரு வேடிக்கை. 1906இல் அமெரிக்காவில் ஹன்ட், டேவோ என்ற இருவர் சக்சினைல்கோலினை விலங்குகளுக்குச் செலுத்தி ரத்த அழுத்தம் என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். அந்த விலங்குகளுக்கு முன்னதாகவே குராரே என்ற தசை முடக்கும் நஞ்சைக் கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே முடங்கிக் கிடந்த உடம்பை இன்னொரு மருந்தும் முடக்குகிறது என்பது யார் கண்ணுக்குத் தெரியும்? நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1949இல் டேனியல் போவே அதன் தசை தளர்த்தும் குணத்தை எடுத்துச் சொன்னார். 1951 வாக்கில் ஐரோப்பிய ஆபரேஷன் தியேட்டர்களில் அது புழக்கத்துக்கு வந்தது. மறு ஆண்டே லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' இதழில் ஒரு முரண்பாடு பதிவானது. ரத்தத்தில் ஒரு நொதி குறைந்தவர்களுக்கு இந்த ஊசியின் வேகம் சொன்ன நேரத்தில் இறங்குவதில்லை.

அந்த நொதியில்தான் உங்கள் கதை தொடங்குகிறது.

அதன் பெயர் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ். ஆய்வக ரசீதில் 'சூடோகோலினெஸ்டரேஸ்' என்று அச்சாகியிருக்கும். கல்லீரல் இதைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ஸ்கோலின் ரத்தநாளம் வழியாக ஏறியதும், தசையைப் போய்ச் சேருவதற்குள்ளேயே அதன் பெரும்பகுதியை இந்த நொதி வழிமறித்து உடைத்துவிடும். தப்பிப் போகும் மிச்சம்தான் தசையைத் தளர்த்துகிறது. அதாவது டாக்டர் போடும் அளவே, பெரும்பகுதி வழியில் அழியும் என்ற கணக்கில் போடும் அளவு. நொதி இல்லாதவர் உடம்பில் இரண்டு தவறும் ஒன்றாக நடக்கின்றன. அழிய வேண்டியது அழியாமல் மொத்தமும் தசைக்குப் போகிறது. போனதை அப்புறப்படுத்தவும் ஆள் இல்லை. பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு நான்கு மணி நேரம், ஆறு மணி நேரம், சிலருக்கு அதற்கும் மேல் திரும்பாது.

வென்டிலேட்டர் இருக்கும் மருத்துவமனையில் இதனால் உயிர் போக வேண்டியதில்லை. கருவி மூச்சுக் கொடுக்கும், மருந்து மெல்லக் கரையும், ஆள் எழுந்துவிடுவார். நான்கு கட்டிலும் ஒரு தியேட்டரும் உள்ள சிறிய நர்சிங் ஹோமில் வென்டிலேட்டர் இல்லையென்றால், மயக்க டாக்டரும் நர்ஸும் மாற்றி மாற்றி மணிக்கணக்கில் பையை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே வராந்தாவில் உறவினர்கள் "சின்ன ஆபரேஷன்னுதானே சொன்னீங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே இருப்பவருக்கும் அந்த நேரத்தில் பதில் தெரியாது.

இதைவிடக் கொடுமையான ஒன்று உண்டு. அது வெளியே நிற்பவர் கண்ணில் படாது. ஸ்கோலின் தூக்க மருந்து அல்ல. தசையை மட்டுமே அது கட்டுகிறது. மனதை உறங்க வைப்பது வேறு மருந்து. ஆபரேஷன் முடிந்தது, ஸ்கோலின் எப்போதோ தீர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையில் டாக்டர் தூக்க மருந்தை நிறுத்திவிட்டால், நோயாளி விழித்துக்கொள்வார், ஆனால் இமையைக்கூட அசைக்க முடியாது. காதில் எல்லாம் விழும். "ஏன் இன்னும் எழவில்லை?" என்று தன்னைப் பற்றிப் பேசுவதே விழும். தொண்டையில் குழாய் இருப்பது தெரியும், மூச்சு விட முயன்றால் நெஞ்சு எழாது. இப்படி விழித்தவர்கள் பல ஆண்டுகள் கழித்தும் இரவில் திடுக்கிட்டு எழுகிறார்கள். குறை இருப்பது முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் அந்த ஊசியைத் தொடவே மாட்டார். தெரியாமல் போட்டுவிட்டாலும், நரம்பைத் தூண்டித் தசை அசைகிறதா என்று பார்க்கும் கையடக்கக் கருவி ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பார்த்துவிட்டால், மூச்சு திரும்பும்வரை ஆளைத் தூக்கத்திலேயே வைத்திருப்பார்.

இது ஏன் குறிப்பாக உங்களுக்கு எழுதப்படுகிறது?

இந்த நொதி அறவே இல்லாதவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சத்தில் ஒருவர் என்பது பாடநூல் கணக்கு. பெரும்பாலான மயக்க டாக்டர்கள் ஓய்வு பெறும்வரை ஒருவரைக்கூடச் சந்திக்காமல் போகலாம். கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனோகரனும் பூபதியும், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் இந்த நொதியையே வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட ஒக்சானா லாக்ரிட்ஜுடன் சேர்ந்து, கோவை ஆரிய வைசியர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முடிவுகள் 2006, 2007ஆம் ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் வந்தன. நொதி சிறிதும் இல்லாதவர்கள் அங்கே ஏறத்தாழ 25 பேருக்கு ஒருவர். லட்சத்தில் ஒன்று எங்கே, இருபத்தைந்தில் ஒன்று எங்கே! ஒரு கல்யாணப் பந்தியில் நூறு இலை போட்டால், நான்கு இலைக்கு முன்னால் ஸ்கோலின் ஆகாதவர் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

காரணத்தையும் அவர்கள் கண்டுபிடித்தார்கள். இந்த நொதியின் ஒவ்வொரு இழையும் 574 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அதில் 307ஆம் மணி லியூசினாக இருக்க வேண்டும். இங்கே புரோலின் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஜீனில் ஓர் எழுத்து மாறியதால் வந்த வினை. புரோலின் சரத்தை மடக்கிவிடும் சுபாவம் கொண்டது. நெசவுத் தொழிலைக் கண்ணெதிரே பார்க்கும் ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கான பாவு நூலில் ஒன்று தப்பினாலும் சேலையில் கோடு விழுந்துவிடும்.

2007இல் வந்த ஆய்வில் நல்ல செய்தியும் உண்டு. நொதி அறவே இல்லாதவர்களின் உடல்நலத்தைத் துருவிப் பார்த்ததில், அந்தக் குறையால் வந்த நோய் என்று எதுவும் தென்படவில்லை. அதனால் 'பரம்பரை வியாதி' என்று கேட்டதும் முகம் வாட வேண்டாம். ஒரு மருந்தைச் செரிக்கும் கருவி ஒன்று பிறவியிலேயே இல்லை, விஷயம் அவ்வளவுதான். அந்த மருந்தை மனிதன் கண்டுபிடித்தே நூறாண்டு சொச்சம்தான் ஆகிறது. அதற்கு முன் பிறந்து வாழ்ந்து மறைந்த உங்கள் மூதாதையர் ஒருவருக்கும் இதனால் கடுகளவு தொல்லை இல்லை.

இந்த எழுத்துப் பிழை ஒரு சமூகத்தில் மட்டும் இவ்வளவு பெருகியது எப்படி என்பதற்கு ஹைதராபாத்திலிருந்து பதில் வந்தது. அங்குள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் தங்கராஜும் லால்ஜி சிங்கும், அமெரிக்க மரபியலாளர் டேவிட் ரைக்கும் சேர்ந்து 2009இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வில், வைசியர் என்ற சமூகம் நூறு தலைமுறைகளுக்கும் முன்னால் ஒரு சிறு கூட்டத்திலிருந்து கிளைத்தது, அதன் பிறகு வெளிக்கலப்பு ஏறக்குறைய இல்லை என்று மரபணுச் சான்றோடு காட்டினார்கள். நூறு தலைமுறை என்றால் இரண்டாயிரத்து ஐநூறு ஆண்டுக்கும் குறையாது. நந்திவர்மன் தெள்ளாற்றில் வாளை உருவியபோது உங்கள் முன்னோர் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியிருந்தார்கள்.

பெனுகொண்டாவில் வாசவி அம்மன் அக்னிப் பிரவேசம் செய்தபோது உடன் தீயில் இறங்கியவர்கள் 102 கோத்திரத்தார் என்று உங்கள் வீடுகளில் சொல்லி வளர்ப்பார்கள். கோத்திரம் மறக்காத குடும்பங்கள் உங்களுடையவை; வீட்டில் தெலுங்கும் கடையில் தமிழும் பேசி, கோதாவரிக் கரையை நினைவில் வைத்திருப்பவை. மேனரிகம் என்ற தாய்மாமன் வழிச் சம்பந்தத்தைக் கோமுட்டிச் செட்டியார்கள் (உங்கள் முன்னோரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) எவ்வளவு கண்டிப்பாகக் கடைப்பிடித்தார்கள் என்பதை 1909இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுப்பு எழுதிவைத்திருக்கிறது. ஒரு கிணற்றுத் தண்ணீரையே திரும்பத் திரும்ப மொண்டு பாய்ச்சினால் அதில் கலந்த உப்பு வயலெங்கும் பரவுவது இயல்புதானே.

இதைப் படித்துவிட்டு யாரும் வரனைத் தட்டிக்கழிக்க வேண்டியதில்லை. இந்த ஒரு குறைக்காகத் திருமணத்தை நிறுத்துவது, மூக்கில் ஈ உட்கார்ந்ததற்கு மூக்கை அறுப்பது போல. தாய் தந்தை இருவரும் ஆளுக்கொரு பிழைப் பிரதியைச் சுமந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் நொதி இல்லாமல் போகும். ஒரு பிரதி மட்டும் சுமப்பவர்களுக்கு நொதி பாதியளவாவது இருக்கும்; ஸ்கோலின் சில நிமிடம் கூடுதலாக இழுக்கலாம், பெரும்பாலும் அத்தோடு சரி. இருபத்தைந்தில் ஒருவருக்கு முழுக்குறை என்றால், மரபியல் கணக்குப்படி ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அந்த ஒரு பிரதியைச் சுமக்கிறார். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், பெண் வீட்டில் ஒருவர் என்று இருக்கவே செய்யும். ஒளிப்பதற்கும் ஒதுக்குவதற்கும் இதில் ஒன்றும் இல்லை.

ஒரு சிறு கூட்டத்தின் மரபும் ஒரு மயக்க ஊசியும் மோதிக்கொண்ட கதை உலகத்தில் இது ஒன்று மட்டுமல்ல. தென்னாப்பிரிக்காவில் ஜெஃப்ரி டீன் என்ற மருத்துவர், போர்ஃபிரியா என்ற வேறொரு பரம்பரை வளர்சிதைமாற்றக் குறையின் தடத்தைப் பிடித்துக்கொண்டு தேவாலயப் பதிவேடுகளைத் துழாவினார். தடம் 1688இல் கேப் பகுதியில் மணமுடித்த ஒரே ஒரு டச்சுத் தம்பதியிடம் போய் நின்றது. அவர்களின் வழித்தோன்றல்கள் ஆயிரக்கணக்கில் அந்தக் குறையோடு வாழ்ந்தார்கள். தோல் எளிதில் புண்ணாகும், அவ்வளவே பெரிய தொல்லை. தியோபென்டோன் போன்ற பார்பிட்டுரேட் மருந்துகள் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் ஆபத்து தொடங்கியது. சாதாரண ஆபரேஷனுக்குப் போனவர்கள் கை கால் விளங்காமல் போய் இறந்தார்கள். அங்கே கொடியது நோய் அல்ல, வைத்தியம்தான். அந்த வம்சாவளியாரிடம் விசாரிக்காமல் பார்பிட்டுரேட் போடக்கூடாது என்று தென்னாப்பிரிக்க மருத்துவம் பாடம் கற்றுக்கொண்டது.

இங்கும் மருத்துவர்கள் ஓரளவு கற்றிருக்கிறார்கள். வைசியர்களுக்கு ஸ்கோலின் போடுமுன் யோசி என்பது தென்னிந்திய மயக்க மருத்துவர்களிடையே புதிய சங்கதி அல்ல. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன் 'ஃபிட்னஸ்' பார்க்கும்போது சில டாக்டர்கள் தயங்கித் தயங்கி "நீங்க செட்டியாரா?" என்று கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சாதி கேட்கிறாரே என்று சுருக்கென்று தைக்கும். தைக்கத்தான் வேண்டும், நோயாளியின் சாதி மருத்துவமனைக்கு எதற்கு? ஆனால் இந்த ஓர் இடத்தில் அந்தக் கேள்வி உயிர்மேல் அக்கறை கொண்டது. அதற்காக அது நல்ல கேள்வி என்று சொல்லிவிட முடியாது. 'செட்டியார்' என்று சொல்லிக்கொள்ளும் சமூகங்கள் தமிழ்நாட்டில் பல. நகரத்தாருக்கும் தேவாங்கருக்கும் இந்த வைசிய வரலாறு பொருந்தாது. வைசியராகப் பிறந்த 25 பேரில் 24 பேருக்கு முழுக்குறை இல்லை. வேறு சமூகத்தில் பிறந்த ஒருவருக்கு இருக்கவும் கூடும். சாதியை வைத்து டாக்டர் ஊகிக்கலாம், அவ்வளவுதான். ரத்தப் பரிசோதனையில் வரும் ஓர் எண் அந்த ஊகத்துக்கு வேலையே இல்லாமல் செய்துவிடும்.

2017இல் அதே ஹைதராபாத், அமெரிக்கக் குழுவினர் 'நேச்சர் ஜெனிடிக்ஸ்' இதழில் எழுதிய இன்னொரு கட்டுரை இந்தக் கதையை மற்றவர்களின் வாசலுக்கும் கொண்டுபோகிறது. சோதித்த 263 தெற்காசியக் குழுக்களில் 81 குழுக்களின் தொடக்கக் கூட்டம், மரபு நோய் ஆய்வுகளுக்குப் பேர்போன அஷ்கெனாசி யூதர்களுடையதைவிடக் குறுகியது. எனவே ஆரணித் தறிக்காரர்களோ தெள்ளார்ப் பக்கத்து விவசாயிகளோ இந்த மடலைப் பக்கத்து வீட்டுக் கடிதம் என்று மடித்து வைக்க வேண்டாம். உங்கள் வீட்டு ரத்தத்தில் வேறு எந்த எழுத்து மாறியிருக்கிறதோ, பார்த்தால்தான் தெரியும். வைசியர்களின் அதிர்ஷ்டம், அவர்களுடையதை ஏற்கெனவே படித்துவிட்டார்கள்.

இனிப் பரிசோதனை. இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டாம், மரபணுச் சோதனைக்குக் காசு கொட்டவும் வேண்டாம். நெல்லும் வேர்க்கடலையும் விளையும் இந்த வட்டாரத்துக்கு இந்தச் சோதனை வேறொரு துயரத்தின் வழியாக ஏற்கெனவே அறிமுகமாகியிருக்கிறது. பூச்சிமருந்து நஞ்சு ஏறிய ஒருவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், 'கோலினெஸ்டரேஸ் பார்த்துட்டு வாங்க' என்று சீட்டு எழுதுவார்கள். ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் இந்த நொதியை முடக்குவதால், நஞ்சின் கடுமையைக் கணிக்க அதை அளக்கிறார்கள். அதே சோதனைதான் உங்களுக்கும் வேண்டியது. ஒரு ஊசி ரத்தம் போதும்; ஒரு ஸ்கேனுக்கு ஆகும் செலவு இதற்கு ஆகாது. ஆயிரக்கணக்கில் வர வேண்டிய எண், பூஜ்யத்தை ஒட்டி வந்தால் விடை கிடைத்துவிட்டது.

பாடநூலில் 'டிபுகைன் எண்' என்று இன்னொரு சோதனை வரும். 1957இல் கனடாவின் டொரன்டோவில் வெர்னர் கேலோ கண்டுபிடித்தது. மூலத்துக்குத் தடவும் சில களிம்புகளில் இருக்கும் டிபுகைன் என்ற மரப்பு மருந்தை ரத்தத்தில் கலந்து, நொதி எவ்வளவு அடங்குகிறது என்று பார்ப்பார்கள். ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படும் மாற்றத்தை அது அழகாகப் பிடித்துவிடும். மருந்துக்கும் மரபுக்கும் உள்ள உறவை ஆராயும் ஒரு துறையே அதைச் சுற்றி வளர்ந்தது. ஆனால் நொதியே இல்லாதவர் ரத்தத்தில் அடக்குவதற்கு என்ன இருக்கிறது? உங்களுக்கு வேண்டியது சாதாரணமாக நொதியின் அளவைப் பார்க்கும் சோதனைதான்.

சோதனை எடுக்கும் நேரம் முக்கியம். ரத்தமோ பிளாஸ்மாவோ ஏற்றிய கையோடு எடுத்தால், கொடுத்தவரின் நொதி உங்கள் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிடும். கல்லீரல் நோய், கடுமையான ஊட்டக்குறைவு, கர்ப்பகாலம் ஆகியவற்றில் எண் தானாகவே குறையும். கர்ப்பிணிக்கு ஏறத்தாழ கால்வாசி இறங்கிவிடும். வயலில் மருந்தடித்துவிட்டு வந்த மறுநாளும் ஏமாற்றலாம். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு சாதாரண நாளில் எடுப்பதே சரி. குறை உள்ளவர்கள் இதற்கு நேரெதிரான ஒரு சிக்கலையும் அறிந்திருக்க வேண்டும். வேறு எதற்கோ மயங்கி விழுந்து, யாரோ இந்தச் சோதனையை எடுத்து எண்ணைப் பார்த்தால், பூச்சிமருந்து குடித்துவிட்டார் என்று முடிவு கட்டி வைத்தியம் தொடங்கிவிடக்கூடும். பிறவியிலேயே இப்படி என்று எழுதிய சீட்டு கையில் இருந்தால் அந்தக் குழப்பம் வராது.

ஸ்கோலின் வேண்டாம் என்றால் ஆபரேஷன் நின்றுவிடுமோ என்ற பயம் தேவையில்லை. ரோகுரோனியம் என்ற தசை தளர்த்தி ஏறக்குறைய அதே வேகத்தில் வேலை செய்யும். அதை உடைக்க இந்த நொதி தேவைப்படாது. அதன் கட்டைச் சட்டென்று அவிழ்க்க சுகமாடெக்ஸ் என்ற மருந்தும் வந்துவிட்டது. விலை கூடுதல், எல்லா ஊரிலும் கிடைக்காது என்பது உண்மை. அது இல்லாவிட்டாலும் ரோகுரோனியம் தானாகத் தீரும். வெக்யுரோனியமும் அட்ராகுரியமும் இந்த நொதியை நம்பியவை அல்ல. ஸ்கோலினோடு சேர்த்து ஒதுக்க வேண்டிய இன்னொரு பெயர் மிவாகுரியம்.

முதுகில் போடும் ஊசிக்கு வழக்கமாகப் பயன்படும் புபிவகைனும், பல் டாக்டர் ஈறில் போடும் லிக்னோகைனும் வேறு வழியில் கரைபவை, தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். குளோரோபுரோகைன் மட்டும் இதே நொதியால் உடைவது. சிசேரியனுக்கு முதுகில் போடும்போது இதையெல்லாம் ஏன் சொல்ல வேண்டும் என்று பெண்கள் கேட்கலாம். முதுகு ஊசி சில நேரம் சரியாகப் பிடிக்காமல் போகும், அல்லது குழந்தையின் துடிப்பு இறங்கி நிமிடக் கணக்கில் அவசரம் வரும். அப்போது முழு மயக்கத்துக்கு மாறும் டாக்டரின் கை முதலில் எட்டுவது ஸ்கோலினை நோக்கித்தான். அந்த நேரத்தில் கேட்கவும் சொல்லவும் யாருக்கும் அவகாசம் இராது. மனநல சிகிச்சையில் மின்னதிர்வு கொடுப்பவர்களுக்கும் இதே விதி. தசை தளர்த்தியும் மயக்கமும் இல்லாமல் அதைச் செய்யக்கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது. அங்கேயும் பெரும்பாலும் போடப்படுவது ஸ்கோலின்தான்.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஒரு முடிச்சு அவிழாமல் கிடக்கிறது. கோவையில் ரத்தம் எடுத்து இருபது ஆண்டுகள் ஆகின்றன. மருத்துவ இதழ்களில் கட்டுரை இருக்கிறது, மயக்க டாக்டர்களின் மனதில் எச்சரிக்கை இருக்கிறது. யாருடைய உடம்பைப் பற்றியதோ அந்தக் குடும்பத்தின் டிரங்குப் பெட்டியில் மட்டும் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. பாட்டிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷனின்போது 'மயக்கம் தெளிய ராத்திரி ஆயிடுச்சு' என்று வீட்டில் ஒரு கதை உலவும். அதை 'அவங்களுக்கு அப்பவே பலவீனம்' என்று சிரித்துக் கடந்துவிடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், எழுதப்பட்ட சீட்டைப் பத்திரப்படுத்தியிருந்தால், பாட்டியின் தம்பிக்கும் பேத்திக்கும் அது கவசமாகியிருக்கும். எழுதாமல் அனுப்பும் மருத்துவமனைகள் மேலும் குற்றம் இருக்கிறது. அதற்கு அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

உங்களால் முடிவது பெரிய வேலை அல்ல. வீட்டுப் பெரியவர்களிடம் மயக்கம் தெளியத் தாமதமானவர் யாராவது உண்டா என்று கேளுங்கள். இருந்தால் அவர் கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் முதலில் சோதியுங்கள். யாரும் இல்லையென்றாலும், திட்டமிட்ட ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது, ஈசிஜி எடுக்கும் அதே நாளில் இந்த ரத்தத்தையும் எடுக்கச் சொல்லுங்கள். "நாங்க ஆரிய வைசியர், சூடோகோலினெஸ்டரேஸ் பார்த்துடலாமா?" என்று நீங்களே கேட்டுவிட்டால், டாக்டர் சங்கடப்பட்டுக்கொண்டு சாதி கேட்க வேண்டியிருக்காது. ஆண்டுதோறும் வாசவி ஜெயந்திக்கு அம்மன் சன்னிதியில் கூடுகிறீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்த முகாமோடு அன்று இந்த ஒரு சோதனையையும் சேர்த்துவிட்டால், ஒரு வருடத்து விழாவில் ஒரு ஊர்ச் சங்கமே தெரிந்துகொண்டுவிடும்.

குறை உறுதியானவர்கள் ஓர் அட்டை எழுதி, முதல்வர் காப்பீட்டு அட்டைக்குப் பின்னாலேயே செருகி வையுங்கள். கைப்பேசியில் அவசரத் தகவல் என்று ஓர் இடம் உண்டு, பூட்டைத் திறக்காமலே மற்றவர் பார்க்கலாம், அங்கேயும் ஏற்றுங்கள். திண்டிவனம் சாலையில் அடிபட்டு, 108 வண்டியில் முண்டியம்பாக்கத்துக்கோ ஜிப்மருக்கோ வேலூருக்கோ நினைவில்லாமல் போய்ச் சேரும்போது, உங்களுக்காகப் பேச அந்த அட்டை மட்டும்தான் இருக்கும். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு பக்கமும் எழுதலாம். எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"எனக்குப் பிறவியிலேயே சூடோகோலினெஸ்டரேஸ் நொதி இல்லை. சக்சினைல்கோலின், மிவாகுரியம் போட வேண்டாம். போட்டிருந்தால், மூச்சு திரும்பும்வரை தூக்கத்திலேயே வைத்து வென்டிலேட்டரில் வையுங்கள். என் உடன்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள்."